வெள்ளைப்பூ ஏமாற்றிய வருஷம்

ஆர்டித் கெல்சோ நின்றுகொண்டே தூங்குவாள். குதிரைக்குத்தான் அந்த வித்தை தெரியும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். தபால் நிலையத்தில் வரிசையில் நின்றபடி அவள் குறட்டை விட்டதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். வரிசையில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம் என்பது வேறு விஷயம்.

டட்டன் ஓடை சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து விழும் இடத்தில் அவள் வீடு. ஓடை என்றால் தண்ணீர் ஓடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மணல்தான் ஓடும், அதுவும் காற்றடித்தால். உள்ளே அரை மைல் போனால் பாறை இடுக்கில் ஓர் ஊற்று கசியும். மாடுகளுக்கு அதுதான் கதி. எங்கள் வீடு எதிர்ப்பக்கம், டோலரஸ் ஆற்றை ஒட்டி. என் சமையலறை ஜன்னலிலிருந்து அவள் வீட்டுப் புகைபோக்கி தெரியும். புகை எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதை வைத்து முதல் நாள் அவள் எவ்வளவு தூங்கினாள் என்று சொல்லிவிடுவேன்.

கணவன் ராய்ஸ் இளவயதிலேயே யுரேனியச் சுரங்கத்துக்குள் இறங்கியவன். சுரங்கங்கள் மூடிப் பல வருஷம் ஆன பிறகும் சுரங்கம் அவன் நெஞ்சுக்குள் திறந்தே இருந்தது. ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, மூக்கில் குழாய், பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும் காற்று இயந்திரம். கதவுவரை நடந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. வேலி, மாடு, வைக்கோல், அடுப்பு, அவன் மருந்து, அவன் குளியல் எல்லாம் ஆர்டித்தின் இரண்டு கையில். பிள்ளைகள் டென்வரில் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து, "அம்மா, நீ கொஞ்சம் ஓய்வு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்றுவிட்டுப் போவார்கள்.

நான் சொல்ல வந்த வருஷம் வறட்சி வருஷம். எங்கள் பக்கம் எப்போதுமே வறட்சிதான், ஆனால் அது வேறு தினுசு. மத்தியானத்தில் நிழலே சூடு தாங்காமல் பாறைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஊரில் யாரும் கோபம் வந்தால்கூடத் துப்பவில்லை, வீணாகிவிடுமே என்று. பாதிரியார் ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை ஒற்றி எடுத்து, அதே துணியால் ஜன்னலையும் துடைத்தார். நம்பாதவர்கள் அந்தக் குழந்தையையே கேட்கலாம். இப்போது லாரி ஓட்டுகிறான்.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் புல் இல்லாமல் ஆர்டித் தன் பெரிய மாடுகளையெல்லாம் விற்றுவிட்டாள். வைத்துக்கொண்டது கிடாரிகளை மட்டும். அந்த மாடுகளின் மகள்கள், இன்னும் ஈனாதவை. ராய்ஸின் அப்பா காலத்திலிருந்து வந்த வம்சம் அந்தப் பதினாலு கிடாரிகளின் வயிற்றில் வந்து நின்றது. அவை நல்ல கன்று போட்டால் மந்தை உண்டு. போடாவிட்டால் அந்த வீட்டில் ஓர் இயந்திரமும் இரண்டு கிழங்களும்தான் மிஞ்சும்.

இங்கேதான் வெள்ளைப்பூ வருகிறது. லூபின் செடி மலைப்பக்கமெல்லாம் நீலமாகப் பூக்கும். பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஓடைகளில் வளர்வது அந்த ஜாதி இல்லை. விரித்த கைவிரல் மாதிரி தடித்த இலை, பழைய பல் நிறத்தில் அழுக்கு வெள்ளைப் பூ. உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் எங்கள் மாவட்டத்து ஓடைகள் சிலவற்றில் மட்டும் இருப்பதாம். அப்படி எங்களிடம் இன்னொன்றும் உண்டு, டீன் ஓல்ட்ராய்டின் வாய். அவன் பிறகு வருவான்.

சினை பிடித்து ஒன்றரை இரண்டு மாதத்தில் இருக்கும் மாடு லூபினைத் தின்றால் கன்று கோணலாகப் பிறக்கும். முன்னங்கால் வில்லாக மடங்கியிருக்கும், சிலதுக்கு முதுகும் திருகியிருக்கும். மலைமேல் இருக்கும் நீல ஜாதிக்கு இது நிச்சயம். எங்கள் வெள்ளைப்பூவுக்கும் உண்டா என்று யாரும் சோதித்ததில்லை. சோதிக்க எந்த மாட்டுக்காரன் தன் மாட்டைக் கொடுப்பான்? அதனால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம். வெள்ளைப்பூ பூத்து, காய்த்து, காய் காய்ந்து வெடித்து உதிரும்வரை காளையைக் கிட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். நாட்காட்டியில் என்ன தேதி என்பது கணக்கில்லை. காய் கிலுகிலுத்தால்தான் வேலிக்கதவு திறக்கும். பூவே வராத வருஷமாக இருந்தால், செடி இருந்த இடத்தில் குனிந்து மண்ணை விலக்கி, வேரின் தலையை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளையாக ஈரம் இருந்தால் செடி தூங்குகிறது, காத்திருக்க வேண்டும். பழுப்பாக, பொடியாக இருந்தால் அந்த வருஷத்துக்கு அது செத்தது, காளையை விடலாம்.

அந்த வசந்தத்தில் பூ வரவில்லை. இலைகூட வரவில்லை.

ஏப்ரல் நடுவில் டீன் தன் லாரியில் காளையை ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். சின்னத் தலைக்காரக் காளை. முதல் ஈற்றுக் கிடாரிக்கு அதுதான் தோது, கன்று சுலபமாக வெளியே வரும்.

"ஆர்டித், இவன எறக்கவா? அடுத்த வாரம் என் மந்தையோட மலைக்குப் போயிடுவான். அப்புறம் நீதான் குதிரையேறிப் போய்ப் புடிச்சிட்டு வரணும்."

"பூ என்ன ஆச்சுன்னு பாக்கணும், டீன்."

"பூவா? இந்த வருஷம் கள்ளிச்செடியே பிச்சை எடுக்குது. எந்தப் பூவ நீ பாக்கப் போற? உன் கல்யாணத்துல வச்ச பூவா?"

"அது உன் தம்பி கல்யாணத்துக்கு வந்து குடுத்தது. அன்னிக்கே வாடிப்போச்சு."

டீன் சிரித்தான். காளை லாரிக்குள் உதைத்தது. "சாயங்காலம்வரைக்கும் இங்கயே நிறுத்தி வைக்கிறேன். முடிவு பண்ணு" என்றான்.

மலைக்குப் போய்க் காளையை ஓட்டிவருவது ஒரு முழு நாள் வேலை. அந்த முழு நாளும் ராய்ஸ் தனியாக இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் உருளையின் திருகை அவனே எழுந்து திறக்க வேண்டும். ஆர்டித் தன் லாரியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். வேலிக்கதவு அருகில் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. கதவைத் திறக்க வேண்டும், உள்ளே நடக்க வேண்டும், குனிய வேண்டும், திரும்ப எழ வேண்டும். குனிவதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை, திரும்ப எழுவதைப் பற்றித்தான். ஸ்டீயரிங் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பார்த்தாள். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. லாரியைத் திருப்பினாள்.

வீட்டில் ராய்ஸ் கேட்டான்: "வேரக் கீறிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பழுப்பு. மூக்குப்பொடி மாதிரி உதிருது."

ராய்ஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, அப்ப விடு" என்றான். சாயங்காலம் காளை இறங்கியது. அதற்கு இந்த விஷயத்தில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

மே மாதம் முடியப்போகும்போது மழை வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் மழை பெய்யாது. பெய்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, ஓடை தண்ணீரோடே ஓடியது. வயதான பல்லிகள் அதைப் பார்த்து மிரண்டு போய் என் வீட்டு வாசலில் வரிசையாக நின்றன, ஏதாவது விளக்கம் கிடைக்குமா என்று. எல்லோரும் தேவாலயத்தில் நன்றி சொன்னார்கள். ஆர்டித்தும் சொன்னாள்.

ஜூன் பாதியில் கிடாரிகளை எண்ணிப் பார்க்க ஓடைக்குள் போனவள் திரும்பு முனையில் அப்படியே நின்றுவிட்டாள். ஓடையின் இரண்டு கரையும் வெள்ளை. இடுப்பளவு செடி, கொத்துக்கொத்தாகப் பூ. அவள் வாழ்க்கையில் அவ்வளவு வெள்ளைப்பூவை அவள் பார்த்ததில்லை. நடுவில் நெற்றிச் சுட்டி வைத்த கிடாரி ஒன்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு பூங்கொத்து தொங்கியது, விருந்துக்குக் கிளம்பினது மாதிரி.

அவள் மனதில் கணக்கு ஓடியது. காளை இறங்கி இரண்டு மாதம். சினை பிடித்து ஒன்றரை மாதம், சிலதுக்கு அதற்கும் குறைவு. சரியாக அந்த நேரம். வேறு மேய்ச்சல் நிலம் அவளுக்கு இல்லை. ஓடைக்கு வெளியே பழைய மேட்டு நிலத் துண்டு ஒன்று உண்டு. அங்கே மழைக்குக் கொஞ்சம் புல் முளைத்திருந்தது, தண்ணீர் மட்டும் கிடையாது.

வீட்டுக்கு வந்து கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள்.

அவள் மூன்றாவது செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இனெஸ் ட்ருஹீயோ வந்தாள். அரசாங்க நில அலுவலகத்துச் செடிக்காரப் பெண். முப்பது வயது இருக்கும். வருஷா வருஷம் வந்து இந்த வெள்ளைப்பூவை எண்ணிவிட்டுப் போவாள். ராய்ஸ் அனுமதி கொடுத்திருந்தான், அவள் கொண்டுவரும் பச்சை மிளகாய்க் குழம்புக்காக. விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டி வந்த முகம், ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. ஆர்டித்தையும் அவள் காலடியில் கிடந்த செடிகளையும் பார்த்தாள். ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டணும்னா திட்டு" என்றாள் ஆர்டித், நிமிராமலே.

"உங்க நெலம், மிஸஸ் கெல்சோ. நீங்க தோண்டலாம். சட்டத்துல எனக்கு ஒரு வார்த்தை பேச எடமில்ல."

"அப்ப எதுக்கு ஒக்காந்திருக்க?"

"கால் வலிக்குது."

ஆர்டித் கடப்பாரையைப் போட்டாள். "இது நெசமாவே கன்னுக்குட்டியக் கோணலாக்குமா? நீ படிச்ச பொண்ணு, சொல்லு."

"தெரியாது. இந்த ஜாதிய யாரும் சோதிக்கல. ஆக்கலாம். ஆக்காமலும் இருக்கலாம்."

"இதச் சொல்றதுக்குத்தான் காலேஜு போனியா?"

"ஆமா. அங்க தெரியாதுன்னு சொல்லக் கத்துக்குடுத்தாங்க. ரொம்பச் செலவான பாடம்."

ஆர்டித்துக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. மறுபடி குனிந்தாள். அந்த வேரைப் பற்றி நான் சொன்னால் மிகை என்பார்கள். வண்டி நுகத்தடி தடிமன், ஆழத்துக்கு முடிவே இல்லை. என் தாத்தா காலத்தில் ஒருவன் ஒரே ஒரு வெள்ளைப்பூவை வேரோடு பிடுங்கியே தீருவேன் என்று சபதம் போட்டு, வேரின் பின்னாலேயே தோண்டிக்கொண்டு போய், யூட்டா மாநிலத்தில் ஒரு கிறித்தவப் பெண்மணியின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் தலையை வெளியே நீட்டினான். அந்தம்மா அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊர் திரும்பவே இல்லை. இவ்வளவும் தாத்தா சொன்னது. ஆர்டித் விஷயத்தில் இனெஸ் கண்ணால் பார்த்து என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன்: நாலாவது செடியின் வேர் கடப்பாரையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அவள் இழுத்தாள், பின்புறமாக விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. மல்லாந்து படுத்தபடி வானத்தைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு, பொண்ணே?"

இனெஸ் ஓடையின் மேல்பக்கம் பார்த்தாள். "நீங்க கேக்காம இருக்கறது நல்லது."

பிறகு ஆர்டித் படுத்தபடியே, "ஓடை வாயில வேலி அடைச்சா?" என்றாள். அங்கே இரண்டு சுவரும் நெருங்கி வரும். நாலு கம்பம், மூன்று வரிசை முள்கம்பி போதும். மாடுகள் மேட்டுத் துண்டில் நிற்கும், செடி உள்ளே நிற்கும்.

"ஊத்து உள்ளதான இருக்கு? தண்ணிக்கு?" என்றாள் இனெஸ்.

"ஆத்துலேருந்து நான் கொண்டு வரணும்."

"தினமுமா?"

"மாடு தினமும்தான் குடிக்குது."

செடியைப் பிடுங்குவது முடியாத வேலை, தண்ணீர் சுமப்பது முடிகிற வேலை. அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு. அந்த அபூர்வச் செடி பிழைத்தது யாருடைய நல்ல மனதாலும் இல்லை, அதன் வேரின் நீளத்தால். இதை இனெஸிடம் பிற்பாடு நான் சொன்னபோது, "எனக்கு அது போதும்" என்றாள். அன்று மத்தியானம் முழுக்க அவள் செடிகளை எண்ணவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கம்பியை இழுத்துக் கொடுத்தாள், கை கிழித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஜூலை முடியும்வரை ஆர்டித் தண்ணீர் சுமந்தாள். பழைய லாரியில் ஒரு தொட்டி. ஆற்றுக்கு வருவாள், பம்பை முடுக்குவாள், நிரம்பும்வரை லாரியின் மட்கார்டில் சாய்ந்து நின்றபடியே தூங்குவாள். பம்பின் சத்தம் மாறினால் விழித்துக்கொள்வாள். பிறகு மேட்டுக்குப் போய் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவாள். பதினாலு கிடாரியும் சேர்ந்து அதை உறிஞ்சும் வேகத்தைப் பார்த்தால் நமக்கே தாகமெடுக்கும். சாயங்காலம் இன்னொரு நடை. அவள் போயிருக்கும்போது ராய்ஸுக்குத் துணையாக நான் போய் உட்காருவேன். சீட்டு விளையாடுவோம். அவன் இயந்திரக் குழாயைச் சரி செய்வதுபோல் குனிந்து என் சீட்டைப் பார்த்துவிடுவான். நான் அவன் இருமும்போது அவன் சீட்டைப் பார்ப்பேன். ஆட்டம் சமமாகத்தான் போகும்.

வேலி எதற்கு, தண்ணீர் எதற்கு என்று ஆர்டித் அவனிடம் விளக்கவில்லை. "ஊத்து கலங்கிப் போச்சு" என்று சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் நான் இருக்கும்போதே அவள் உள்ளே வந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குளிர்ந்த பீன்ஸைச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

"ஊத்து இன்னும் கலங்கித்தான் இருக்கா?" என்றான் ராய்ஸ்.

"ம்."

"ஒரு மாசத்துக்கு மேலா கலங்குது. உள்ள யாரு குளிக்கறா?"

அவள் கரண்டியை வைத்தாள். அவன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"நீ வேரக் கீறலேன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும், கண்ணு. உன் நகத்துல மண்ணு இல்ல."

ஆர்டித் சட்டியைத் தள்ளி வைத்தாள். "தெரிஞ்சிட்டு ஏன்யா விடுன்னு சொன்ன?"

"வேணாம்னு சொன்னா நீ மலைக்குப் போயிருப்ப. போயிருந்தா குதிரை மேலயே தூங்கி எங்கயாவது விழுந்திருப்ப. எனக்குப் பீன்ஸ் வைக்க ஆளு வேணாமா?"

"பதினாலு கன்னும் கோணலா வந்தா?"

"வந்தா வந்தது. எனக்கும் உனக்கும் சேத்துத் தப்பு. பாதி பாதி."

"பாதி தண்ணிய நீ தூக்குவியா?"

"அதுதான் முடியல" என்றான் ராய்ஸ். பிறகு இரும ஆரம்பித்தான். அவள் எழுந்து போய் அவன் முதுகைத் தட்டினாள். நான் அவன் சீட்டைப் பார்த்தேன். நல்ல கை. தோற்றிருப்பேன்.

அவ்வளவு தண்ணீர் சுமந்தும் பயம் போகவில்லை. வேலி போடுவதற்கு முன்னால் எது எவ்வளவு தின்றது என்று யாருக்குத் தெரியும்? மாட்டு வைத்தியர் வந்து கையை விட்டுப் பார்த்து, எல்லாம் சினை என்றார். கால் நேராக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அம்மா, என் கைக்குக் கண்ணு கிடையாது" என்றார். இலையுதிர் காலம் முழுவதும் ஆர்டித் கிடாரிகளின் வயிறு பெருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், தன் காளைமேல் குற்றமில்லை என்று. யாரும் காளையைக் குற்றம் சொல்லியிருக்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஈற்று ஆரம்பித்தது. மற்றவர்கள் வீட்டில் ஏப்ரலில் புல்மேல் பிறக்கும் கன்றுகள், இவள் வீட்டில் பனிமேல் பிறந்தன. குளிர் எப்படியென்றால், வீட்டுக்குள்ளிருந்து சொன்ன வார்த்தை கதவைத் தாண்டியதும் உறைந்து விழுந்துவிடும். ஆர்டித் அதைக் காலால் தள்ளிவிட்டுப் போவாள். முதல் கன்று வந்தது. அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை, மூக்கைத் துடைக்கவில்லை, நேராக முன்னங்காலைத் தடவினாள். நேராக இருந்தது. இரண்டாவது நேராக. அடுத்ததும். ஒவ்வொன்றுக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை நீட்டி விறைப்பாகக் காட்டுவாள். உள்ளே ராய்ஸும் கையை விறைப்பாக நீட்டுவான். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு பேரும் எதற்காகவோ சபதம் எடுப்பது மாதிரி இருக்கும்.

நெற்றிச்சுட்டிக் கிடாரி கடைசிக்கு முந்தினதாக ஈன்றது. ஒரு மத்தியானம். அப்போது நானும் கொட்டகையில் இருந்தேன், வாளியைப் பிடித்துக்கொண்டு. கன்று வெளியே வந்தது. ஆர்டித் காலைத் தடவினாள். கை நின்றது. இரண்டு முன்னங்காலும் முட்டியில் மடங்கி உள்பக்கமாகத் திரும்பியிருந்தன, யாரோ மூட்டை கட்டும்போது பாதியில் விட்டதுபோல. முதுகு நேராக இருந்தது. மூச்சு விட்டது, கத்தியது. எழ முயன்று மூக்கு மண்ணில் படும்படி விழுந்தது.

ஆர்டித் ஜன்னலைப் பார்க்கவில்லை.

இந்த மாதிரிக் கன்றைப் பள்ளத்தாக்கில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. குடிக்க நிற்க முடியாது, குளிரில் ஓரிரவு தாங்காது. அவள் எழுந்து வீட்டுக்கு நடந்தாள், துப்பாக்கி எடுக்க. நான் பின்னால் போனேன். சமையலறையில் வந்து மாடத்தைப் பார்த்தாள். இல்லை.

ராய்ஸின் மடியில் போர்வை. போர்வை மேல் செய்தித்தாள். செய்தித்தாள் மேல் துப்பாக்கி, ஆணி ஆணியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கையில் எண்ணெய்த் துணி.

"என்ன இது?" என்றாள்.

"எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சு."

"இப்பவா?"

"சுத்தமா இருக்க வேணாமா?"

"எப்ப மாட்டி முடிப்ப?"

"எனக்கு மூச்சு வாங்குது, கண்ணு. இந்தச் சுருள்கம்பி வேற எங்கயோ உருண்டு போச்சு. நாளைக்கு ஆகும். நாளன்னிக்கும் ஆகலாம்."

அவன் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அவள் பார்க்காமல் விட்டதையும் சேர்த்து. சுருள்கம்பி அவன் நாற்காலிக்குப் பின்னால் நட்டுவைத்ததுபோல் நின்றது. எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"ராய்ஸ், அதுக்குக் கால் சரியில்ல."

"எனக்கும் நெஞ்சு சரியில்ல. நீ மாடத்துப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்யறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் திரையைப் பற்றி யோசிப்பது மாதிரி நின்றேன். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அழவும் தெம்பில்லை. மேசை இழுப்பறையில் கைவிட்டு, பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுருட்டி வைத்திருந்த துணியை எடுத்தாள். குளியலறைக் குழாய் மாற்றியபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு கழுவும் தொட்டிக்கடியில் கிடந்தது. அதையும் எடுத்தாள். கன்றின் காலுக்குச் சிம்பாக வைத்துக் கட்ட, கத்தியால் நீளவாக்கில் பிளந்தாள்.

"தெனமும் இத அவுத்துக் கட்டணும்" என்றாள். "ரெண்டு வேளை தூக்கிப் புடிச்சுக் குடிக்க வைக்கணும். யாரு செய்யறதுன்னு யாராவது யோசிச்சீங்களா?"

ராய்ஸ் துணியில் எண்ணெய் ஊற்றினான்.

கொட்டகைக்குத் திரும்பியபோது கன்று தன் மடங்கிய கணுக்களின் மேல் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்ல முடியாது, தொழுகை செய்வது மாதிரி முன்னால் தாழ்ந்து, பின்பக்கம் மட்டும் உயர்ந்திருந்தது. மடிக்காம்புக்கு அரை அடி எட்டவில்லை. அந்த அரை அடிக்காக நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சப்பியது. நெற்றிச்சுட்டி திரும்பித் திரும்பி அதை நக்கியது.

ஆர்டித் பனியும் சாணமும் பார்க்காமல் மண்டியிட்டாள். கன்றின் நெஞ்சுக்கடியில் தன் தொடையைக் கொடுத்து உயர்த்தினாள். காம்பு அதன் வாய்க்குள் போனது. சப்பும் சத்தம் கேட்டது. கிடாரி ஒரு உதை விட்டது, அவள் தொப்பி வைக்கோலில் போய் விழுந்தது. அவள் அசையவில்லை.

"கட்டுத் துணியக் குடு" என்றாள் என்னிடம். "அதுக்கு முன்னாடி அங்க போய் அந்த ஆளுகிட்ட சொல்லு, சுருள்கம்பி நாக்காலிக்குப் பின்னால கெடக்குன்னு. மாட்டி மாடத்துல வைக்கச் சொல்லு. ராத்திரி ஓநாய்நரி வந்தா வேணும்."

நான் போய்ச் சொன்னேன். ராய்ஸ் நாற்காலிக்குப் பின்னால் கையை விட்டான். கொஞ்ச நேரம் தேடுவது மாதிரி நடித்தான். பிறகு கம்பியை எடுத்து, மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு ஆணியாக மாட்ட ஆரம்பித்தான். நான் அடுப்பில் பீன்ஸைச் சூடு பண்ணி வைத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன். கன்று குடித்து முடித்து வைக்கோலில் கிடந்தது. ஒரு காலில் கட்டுப் போட்டாகிவிட்டது. இன்னொரு கால் ஆர்டித்தின் கையில் இருந்தது, குழாய்த் துண்டு பாதி சுற்றியபடி. அவள் மண்டியிட்டபடியே தூங்கிவிட்டிருந்தாள். நான் அந்தக் காலை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மீதியைக் கட்டினேன்.